மீன் எண்ணெய் மாத்திரையும் நம்ம உடம்பும்



1860-களில் நம்ம நடுவட்டத்துல சிங்கோனா மரம் வெச்சாங்க. அந்தப் பட்டையில எடுத்த கொய்னா மலேரியாவுக்கு மருந்து. எல்லாக் காய்ச்சலும் அதுக்குக் கேட்காது. மீன் எண்ணெய் மாத்திரையும் அப்படித்தான்.

எங்க மாமியாருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம்னு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். யாரோ சொன்னாங்கன்னு அதை நிறுத்திட்டு, மீன் எண்ணெய் மாத்திரை போட ஆரம்பிச்சாங்க. ஒரே வாரத்துல மீன் வாடையோட ஏப்பம், வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க கேட்டுத் தெரிஞ்சுகிட்டதைத்தான் சொல்றேன்.

மீன் எண்ணெயில் ஒமேகா-3 இருக்கு. அது ரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைக்கும். கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லைக் குறைக்காது; சிலருக்குக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். அதனால டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு இது ஈடாகாது. டப்பாவில் 1000 மில்லிகிராம்னு போட்டிருந்தாலும், பல மாத்திரைகளில் ஒமேகா-3 சுமார் 300 மில்லிகிராம்தான்.

டாக்டர் சொல்லிப் போடுறவங்க வெறும் வயிற்றில் போடாதீங்க. சாப்பாட்டோடு போட்டா ஏப்பமும் குமட்டலும் குறையும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்காமத் தொடவே கூடாது.

மத்தி, அயிலை மீனிலும் ஒமேகா-3 நிறைய இருக்கு. வாரம் இரண்டு நாள் குழம்பு வெச்சா வீடே சாப்பிடலாம். எண்ணெயில் பொரிக்க வேண்டாம்.

குழுக் கூட்டத்துல சேமிப்பு, கடன் பேசுற மாதிரி உடம்பைப் பத்தியும் பேசுவோம். எந்த மாத்திரையையும் நிறுத்துறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்போம்.