வேட்டி சேலையா, மூன்றாண்டுக் கட்டணமா?

(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி நினைவாக என்ன செய்யலாம் என்று விழாக்குழுவில் பேச்சு எழுந்தபோது, பக்கத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாமுக்கு வேட்டி சேலை வழங்கலாம் என்றார்கள் பலர். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆயினும் அதைப் பற்றியே சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

அம்மக்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். 1983 ஜூலைக் கலவரத்தின் பின் முதலில் வந்தார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மறுபடியும் வந்தார்கள்; 1996-லும் 2006-லும் இன்னும் பலர் படகேறினார்கள். கரை சேர்ந்தவர்களைப் பதிவு செய்த மண்டபம் முகாம் எது தெரியுமா? வெள்ளையர் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாட்களை அனுப்புமுன் நிறுத்தி வைத்த அதே இடம்! தாத்தா போன வழியே திரும்பி வந்து, அகதி என்று பெயர் பெற்ற பேரன்மாரும் உண்டு.

ஒரே நாட்டவர் 25,000 பேருக்குக் குறையாமல் ஐந்தாண்டும் அதற்கு மேலும் அகதிகளாக இருந்தால், அதை நீடித்த அகதி நிலை என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிடுகிறது. இங்கோ நாற்பதாண்டு கடந்துவிட்டது. 2021-இல் மாநில அரசு சொன்ன கணக்கில், நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்ற நினைப்பில்தான் பத்தடிக்குப் பத்தடிக் குடில்கள் போடப்பட்டன. அங்கேயே பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, மணமும் முடித்தார்கள். 2021 ஆகஸ்டில் அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முன்வந்தது. மகிழ்ச்சிதான், ஆனால் முதல் படகு வந்து அப்போது முப்பத்தெட்டு ஆண்டாகியிருந்தது.

படிப்பின் கதை இன்னும் வேதனையானது. 1991-இல் ராஜீவ் காந்தி கொலையுண்டபின் அகதிப் பிள்ளைகளுக்கிருந்த கல்விச் சலுகைகள் நின்றுபோயின. பிறகு கதவு திறந்தது. ஆனால் இடையில் பள்ளியை விட்ட பிள்ளை திரும்பி வருவானா? அன்றைய சிறுவர்கள் இன்று நாற்பது கடந்து, பெயிண்ட் வாளியும் பிரஷ்ஷுமாக வேலைக்குப் போகிறார்கள்.

அப்படியானால் எதற்குத் திட்டமிடுவது? போவார்களா, இருப்பார்களா என்பதே தெரியாதே என்று கேட்பீர்கள். இதற்கு அகதிகளே வழி காட்டியிருக்கிறார்கள். 1984-இல் திரு. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் மக்களையே கல்விக்கும் சுகாதாரப் பணிக்கும் பயிற்றுவித்தது. கற்ற தொழில் இங்கும் உதவும், யாழ்ப்பாணம் போனாலும் உதவும்.

காகிதமும் அப்படியே. 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பினால் குடியுரிமை இல்லை. இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பிறப்பைப் பதியாவிட்டால் அந்த நாட்டுக் குடியுரிமையும் கைக்கு வராது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. நம் பங்கில் ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் எத்தனை பேர்! மாதம் இரண்டு ஞாயிறு மனு எழுதிக் கொடுக்க அவர்களால் முடியாதா?

ஆகவே நான் கேட்பது இது. சேலைக்கு ஒதுக்கும் பணத்தைக் கல்லூரிக் கட்டணமாக்குவோம். இரண்டு பிள்ளைகள் போதும். ஆனால் பட்டம் பெறும்வரை மூன்றாண்டும் தர வேண்டும். முதலாண்டு கட்டிவிட்டு இரண்டாமாண்டில் கைவிடுவதாயிருந்தால், தொடங்காதிருப்பதே மேல். யாருக்கு என்பதை முகாம் மக்களே சொல்லட்டும்; அவர்களைக் கேட்காமல் நாம் பட்டியல் போட வேண்டாம்.

கோவில் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மாதம் பத்து ரூபாயானாலும் எழுதுங்கள். பெயருக்கு எதிரே முப்பத்தாறு கட்டங்கள் இருக்கும்.