வண்டி நிற்கவேண்டிய இடம்

அளவெட்டி போன்ற யாழ்ப்பாணத்து ஊர்களிலே தேர்த் திருவிழாக் கண்டவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். தேர் வீதியிலே வரும்போது நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். பெரியவர், சிறியவர் எவரும் அதிலே கைவைக்கலாம். ஆனால், வீதிவலம் முடிந்து தேர் இருப்புக்கு வரும் கடைசிச் சில அடிகள் வேறு வகையானவை. வடம் பிடிப்போர் முன்னே நிற்கின்றனர். பின்னே சில்லு எங்கே உருள்கின்றது என்பதை அவர்கள் காண முடியாது. முட்டுக்கட்டையுடன் சில்லின் அருகே குனிந்து நிற்பவர் காண்கின்றார். இருவருக்கும் தெரியும்படி நின்று கைகாட்டும் முதியவர் ஒருவரும் உளர். அவருடைய கை உயர்ந்தால் வடம் தளர்கின்றது. கை ஒரு பக்கம் சாய்ந்தால் கட்டை இடப்படுகின்றது. தேர் சற்றே திரும்புகின்றது. காண்பவர் காணாதவருக்குச் சொல்லும் குறிப்பே அந்தச் சில அடிகளிலும் தேரை நடத்துகின்றது.

இந்த நூற்றாண்டிலே மோட்டார் வண்டி செய்வோர் இதே சிக்கலை வேறோர் உருவில் எதிர்கொண்டிருக்கின்றனர். மின்சாரத்தால் ஓடும் வண்டிகளுக்குக் கம்பி இல்லாமலே மின்னேற்றும் முறை ஒன்று வந்துள்ளது. தரையிலே ஒரு தட்டு; வண்டியின் அடியிலே இன்னொரு தட்டு. வண்டி மேலே வந்து நின்றால் போதும். மின் தானாக ஏறும். கேட்பதற்கு இது மிக எளிது. ஆனால், ‘மேலே வந்து நின்றால்’ என்ற சொற்களுக்குள்ளேதான் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியிருக்கின்றது. தன் ஆசனத்தில் இருக்கும் சாரதி தன் வண்டியின் அடியைக் காண முடியாது. வடம் பிடிப்பவருடைய நிலையே அவருடைய நிலையும்.

இம்முறையின் அடிப்படை புதியதன்று. 1831 ஆம் ஆண்டிலே மைக்கல் பரடே என்னும் ஆங்கில அறிஞர், இரும்பு வளையம் ஒன்றிலே இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளில் மின்னோட்டத்தைத் தொடக்கும்போதும் நிறுத்தும்போதும், அதனைத் தொடாத மற்றச் சுருளிலும் கணநேரம் மின் தோன்றுவதைக் கண்டார். மாறுகின்ற காந்தப்புலம் மின்னைப் பிறப்பிக்கின்றது என்ற இந்த உண்மையின்மேலேயே தெருமுனையில் கம்பத்தில் நிற்கும் நிலைமாற்றி இயங்குகின்றது. அந்த நிலைமாற்றியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை நிலத்திலும் மறுபாதியை வண்டியிலும் வைத்தால் எதுவோ, அதுவே கம்பியில்லா மின்னேற்றி எனலாம். வேற்றுமை ஒன்று உண்டு. நிலைமாற்றியிலே காந்தப்புலத்தைச் சுமந்து செல்ல இரும்பு அகணி உண்டு. இங்கே இடையில் இருப்பது அரைச் சாண் முதல் ஒரு சாண் வரையிலான வெறும் காற்று.

அந்த இடைவெளியைக் கடப்பதற்குப் பரிவு என்னும் இயல்பு துணை செய்கின்றது. நாதஸ்வர மேதை என். கே. பத்மநாதனும் தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் வாழ்ந்த அளவெட்டியிலே, இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒரே சுருதியிற் கூட்டிய இரு தம்புராக்களுள் ஒன்றை மீட்டினால், தொடாத மற்றதன் தந்தியும் மெல்ல அதிரும். அதுபோல இரு சுருள்களும் ஒரே மீடிறனுக்கு இசைவாக்கப்படுகின்றன. செக்கனுக்கு ஏறத்தாழ 85,000 தடவை திசைமாறும் மின்னோட்டம் தரைத் தட்டிலே பாய்கின்றது. வண்டியின் தட்டு அதற்கு இசைந்து மின்னை ஏற்று, நேரோட்டமாக்கிப் பற்றரிக்கு அனுப்புகின்றது. நன்கு பொருந்தி நின்ற வண்டியிலே, செலுத்திய மின்னில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பங்கு பற்றரியைச் சேர்வதும் உண்டு.

பொருந்தாது நின்றால் என்ன நிகழும்? தரைத் தட்டு எழுப்பும் காந்தப்புலத்தில் ஒரு பகுதி வண்டியின் தட்டைத் தவறவிடுகின்றது. அதே அளவு மின்னைக் கொடுப்பதற்குத் தரைச் சுருள் கூடுதலாக உழைக்கவேண்டும். அவ்வுழைப்பு வெப்பமாக வீணாகின்றது. புலம் வண்டிக்கு வெளியேயும் கசிகின்றது. ஆகவே, குறித்த எல்லையைக் கடந்து விலகி நின்ற வண்டிக்குப் பொறி மின்னேற்றவே மறுத்துவிடும். அந்த எல்லை மிகக் குறுகியது. எஸ்.ஏ.ஈ. என்னும் பொறியியலாளர் கழகம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட ஜே 2954 என்னும் நியமத்தின்படி, முன்பின்னாக ஏழரைச் சென்றிமீற்றரும், பக்கவாட்டிலே பத்துச் சென்றிமீற்றருமே விலகலாம். 2018 ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் வண்டி ஒன்றுக்கு அளித்த மின்னேற்றியிலும் முன்பின் எல்லை ஏழு சென்றிமீற்றரே. பக்க எல்லை பதினான்கு. ஏழு சென்றிமீற்றர் என்பது நான்கு விரற்கடையளவே. ஆயிரங் கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை, காணாத ஓரிடத்தின்மேல், நான்கு விரற்கடைப் பிசகுக்குள் நிறுத்தவேண்டும் என்பதே சாரதியிடம் கேட்கப்படுவது.

பிசகினால் வரும் இழப்பு சிறிதன்று. கம்பியைச் செருகுபவர் செருகினோம் என்பதைக் கையினாலே உணர்கின்றார். கம்பியில்லா முறையிலோ, இரவிலே வண்டியை விட்டு வீட்டினுள்ளே சென்றவர் விடியற்காலையில்தான் பற்றரி வெறுமையாக இருப்பதைக் காண்பார். முச்சக்கர வண்டியோட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு அது ஒரு நாள் உழைப்பு.

சாரதிக்கு உதவும் வழிகள் பல. அவற்றுள் மிகப் பழையவை செலவு குறைந்தவை. தரையிலே பூசிய வெள்ளைக் கோடு பக்கவாட்டு விலகலைக் குறைக்கும். சில்லு வந்து முட்டும் சீமெந்துக் கட்டை முன்பின் விலகலைத் தடுக்கும். கொட்டிலின் கூரையிலிருந்து நூலிலே தொங்கவிட்ட பந்து ஒன்று முன்கண்ணாடியைத் தொடும்போது நிறுத்துவதும் உண்டு. ஒரே வீட்டிலே ஒரே வண்டியை நாள்தோறும் நிறுத்துபவருக்கு இவையே பெரும்பாலும் போதுமானவை. ஆனால், பொதுத் தரிப்பிடத்திலே பல அளவு வண்டிகள் வந்து போகும். ஒன்றுக்கு இட்ட கட்டை மற்றதற்குப் பொருந்தாது.

அடுத்த வழி, வண்டியிலே பொருத்திய கமராவும் ஆசனத்தின் முன்னுள்ள திரையும். தட்டின் படமும் சில்லு செல்லும் பாதையும் திரையிலே தோன்றும். இதுவும் நல்ல வழியே. எனினும், மாரி மழையிலே செம்மண் சேறு கமராவை மூடும்; மாவிலைச் சருகு தட்டை மூடும். வண்டி தட்டின்மேல் ஏறியபின் கமராவுக்குக் காட்சியும் இல்லை. கடைசி நான்கு விரற்கடையிலேதான் கண் கைவிடுகின்றது.

இக்காரணத்தால், மின்னைக் கடத்தும் காந்தப்புலத்தையே வழிகாட்டியாக்கும் முறையைப் பொறியியலாளர் கண்டனர். மின்னேற்றம் தொடங்குமுன் மிக மெல்லிய காந்தப்புலம் ஒன்று எழுப்பப்படுகின்றது. உணர்விகள் அதன் வலிமையை வெவ்வேறு புள்ளிகளில் அளந்து ஒப்பிட்டு, தட்டு எத்திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது எனக் கணிக்கின்றன. சேறும் சருகும் காந்தத்துக்குத் திரையல்ல. எஸ்.ஏ.ஈ. கழகம் இம்முறையைப் பொதுவான வழிகாட்டு முறையாக 2023 ஆம் ஆண்டிலே அறிவித்து, 2024 ஆம் ஆண்டிலே தன் நியமத்திலும் சேர்த்தது. எந்த நிறுவனத்தின் வண்டியும் எந்தத் தட்டின் குறிப்பையும் விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதே அதன் நோக்கம். கைகாட்டும் முதியவரின் சைகை வடத்தின் இருபுறத்தாருக்கும் பொதுவாக இருப்பதுபோன்றது அது.

சாரதியின் பிசகைப் பொறியே பொறுத்துக்கொள்ளும்படி செய்வது மற்றொரு வழி. நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்திலே யோன் போய்ஸ், கிராண்ட் கோவிக் என்னும் பேராசிரியர் இருவரும் நெடுங்காலம் இத்துறையில் உழைத்தனர். வட்டச் சுருளுக்குப் பதிலாக வேறு வடிவச் சுருள்களை அமைத்து, வண்டி சற்று விலகி நின்றாலும் மின் குறையாமற் செல்லும் வகை கண்டனர். 2013 ஆம் ஆண்டிலே அந்நாட்டுப் பிரதமரின் அறிவியற் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. இலங்கையிலே பட்டம் பெற்ற பேராசிரியர் உதய மடவல அதே பல்கலைக்கழகத்திலே, வண்டியிலிருந்து வீட்டுக்கும் இவ்வாறே மின்னைத் திருப்பி அனுப்பும் முறையை ஆராய்ந்தவர்.

இவ்வளவு முயற்சி எதற்கு? கம்பியைக் கையிலே எடுத்துச் செருகினால் ஆகாதா? இரு கையும் இரு காலும் உறுதியாக உள்ளவர்க்கு ஆகும். செலவும் அதிலே குறைவு. எனினும், போரிலே அங்கமிழந்தோர் பலர் வாழும் மண் இது. யாழ்ப்பாணத்திலே 1987 ஆம் ஆண்டு தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையத்திலே செயற்கைக் கால் பெற்று மீண்டும் தொழிலுக்குத் திரும்பியோர் உளர். ஒற்றைக் கையுடையவர்க்கு மழையிலே தடித்த கம்பியை இழுத்துப் பூட்டுவது எளிதன்று. சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கு அது இன்னும் அரிது. கம்பியில்லா மின்னேற்றம் அவர்களுக்குச் சுகபோகம் அன்று. பிறர் துணையின்றி வண்டியோட்டும் உரிமை. ஆனால், கையின் வருத்தத்தை நீக்கிவிட்டுக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வருத்தத்தைக் கொடுத்தால், அவ்வுரிமை அரைகுறையாகவே அமையும்.

ஆகவே, நல்ல வழிகாட்டிக்குச் சில இலக்கணங்கள் உண்டு. அது வண்டி தரிப்பிடத்துள் நுழையும்போதே பேசத் தொடங்கவேண்டும். நின்றபின் பிழை சொல்லுதல் பயனற்றது. ‘இன்னும் ஒரு முழம், சற்று இடப்பக்கம்’ என்று தூரத்தையும் திசையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கண் மங்கியவர்க்கு ஒலியாலும், செவி மங்கியவர்க்கு ஒளியாலும், யாழ்ப்பாணத்துச் சாரதிக்குத் தமிழாலும் சொல்லவேண்டும். தட்டின்மேல் தகரத் துண்டோ நாணயமோ கிடந்தால் அது சூடேறும். பூனை படுத்திருத்தலும் கூடும். அவற்றையும் கண்டு எச்சரித்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மின் ஏறத் தொடங்கிவிட்டது என்பதைச் சாரதி ஆசனத்தை விட்டு எழுமுன் ஐயமற அறிவிக்கவேண்டும்.

இவை வெறும் கற்பனையல்ல. இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலே பத்து வாடகை வண்டிகளைக்கொண்டு, தரிப்பிடத்திலேயே இவ்வாறு மின்னேற்றிப் பார்க்கும் பரிசோதனை 2020 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலே திருவனந்தபுரத்து சி-டாக் நிலையமும் நாக்பூர்ப் பொறியியற் கல்லூரி ஒன்றும் சேர்ந்து ஆக்கிய ஒன்றரைக் கிலோவாற்று மின்னேற்றி, பற்றரியை ஏறத்தாழ மூன்று மணி நேரத்திலே 90 வீதம் நிரப்பும் எனக் கூறப்படுகின்றது. மண்ணெண்ணெயிலே வண்டியோட்டிய போர்க்காலத்தையும், 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளையும் கண்ட குடாநாட்டுக்கு, வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டபின் மின்வண்டிகள் வரத் தொடங்கியுள்ளன. தரைத் தட்டுக்களும் ஒருநாள் வரலாம். வரும்போது, தட்டின் விலையைக் கேட்பதோடு அமையாது, அது சாரதிக்கு எவ்வாறு வழிசொல்லும் என்பதையும் வாங்குவோர் கேட்டறிதல் நன்று.

தேர் சற்றே விலகி நின்றுவிட்டால், வடம் பிடித்தவரை ஊரவர் எவரும் ஏசுவதில்லை. முதியவர் மீண்டும் கையுயர்த்துகின்றார். கட்டை மீண்டும் இடப்படுகின்றது. தேர் தன் இருப்பிடத்துக்கு வந்து சேர்கின்றது. காண முடியாத இடத்திலே வண்டியை நிறுத்தச் சொல்லும் பொறியும் சாரதியிடம் அந்தப் பொறுமையையே காட்டவேண்டும்.