கோபுரத்தைத் தாங்கும் மணல்

(தலைப்பு: இராமேஸ்வரம் தீவின் பெருமைக்குப் பெரிதும் காரணம் மனித உழைப்பா, இயற்கையின் கொடையா? – ‘இயற்கையின் கொடையே’ அணி)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், “பிரகாரத்தைப் பாருங்க, பாம்பன் பாலத்தைப் பாருங்க”ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தார். பார்த்தேன் ஐயா! கல்லைச் செதுக்கியவன் மனிதன்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கல்லை எதன் மேல அடுக்கினான்? பவளப்பாறையும் மணலும் சேர்ந்து கிடக்கும் ஒரு திட்டின் மேல!

கோயிலுக்குள்ளே 22 தீர்த்தங்கள். வாளி வாளியா ஊத்துறாங்க. சுற்றிலும் உப்புக்கடல் இருக்க, இந்தத் தீவுக் கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது? பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, பால் மேல ஆடை மாதிரி! கிணறு வெட்டியது மனிதன். தண்ணியை வெச்சது யாரு? அளவுக்கு மீறி மோட்டார் போட்டு உறிஞ்சினா, அடியில இருக்கிற உப்பு மேல ஏறிடும். நம்ம வீட்டுப் பெரியவங்க கோபம் மாதிரி, ஏறினா லேசுல இறங்காது! (சிரிப்பு)

1914-ல் ரயில் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் திறந்து வழிவிடும் பாலம். 2025-ல் புதுப் பாலமும் வந்துவிட்டது. பெருமைதான். ஆனால் 1964 டிசம்பர் 22 இரவு என்ன நடந்தது? புயல் வந்தது. தனுஷ்கோடியும் போச்சு, பயணிகளோடு ரயிலும் போச்சு. நின்று பார்த்தால் இன்றைக்கும் இடிந்த சுவர்தான் மிச்சம்.

அந்த அலையின் வேகத்தைக் கொஞ்சமாவது குறைக்க இயற்கை வைத்த வேலிதான் ஐயா பவளப்பாறை. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 குட்டித் தீவுகள் உண்டு. அங்கே பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தான் மனிதன். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது 2001-ல்தான். இதுவும் மனித உழைப்புதானே? எதிரணி பதில் சொல்லட்டும்! (கைதட்டல்)

பாம்பன் பக்கத்து மீனவப் பெண்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். “மாசத்துல சில நாள்தான் எடுக்கணும், பாசி மறுபடி வளரணும்”னு தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கொடுத்த கை எது என்று அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்குக் கோயிலை விட்டுப்போகணும்னு ஆசைப்படுறோம். நல்லது. அது நிற்கிற தரையையும் விட்டுட்டுப் போகணுமே! தரை இருந்தால்தான் கோபுரம். கொடை இருந்தால்தான் உழைப்பு. ஆகவே இயற்கையின் கொடையே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.