மானிப்பாய்க்கு வந்த இளம் வைத்தியர்

ஊழியம் செய்யவென்று பிறநாடு செல்லும் இளைஞரைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். கிறிஸ்தவ சபைகளின் சார்பிலே ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ கடல் கடந்து சென்று, பள்ளிக்கூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் பணிபுரிவோர் பலர். வீட்டைவிட்டுப் புறப்படும்பொழுது அவ்விளைஞனின் உள்ளத்திலே இறைபக்தி நிறைந்திருக்கலாம். கற்ற வித்தையும் கைவசம் இருக்கலாம். ஆயினும், திரும்பிவரும் நாளில் சென்ற ஊரிலே எதனை விட்டு வரப்போகிறான் என்னும் வினாவுக்கு அவன் விடை கூறியாக வேண்டும். அந்த வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக அளித்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் நம் நாட்டுக்கு வந்தவர். பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரிலே, பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் ஒன்றிற் பிறந்தார். நியூயோர்க் நகரிலே வைத்தியம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். அவருடைய தமையனார் அன்றூ ஹஸ்வெல் கிறீன் அந்த மாநகரின் பெரும் பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவராகிப் புகழ் எய்தியவர். தம்பியாரும் அங்கேயே தங்கியிருந்தால் பொருளும் பெயரும் வந்து சேர்ந்திருக்கும். அவரோ அமெரிக்க மிஷன் சபைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து, 1847 இல் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார்.

அந்தப் பயணம் எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869 இலேதான். ஆதலால் பாய்க்கப்பலில் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மாதக்கணக்காகக் கடலிலே கிடந்து வரவேண்டும். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி விடை பெறுவதற்கும் மாதங்கள் பல கழியும். இருபத்தைந்து வயதை ஒட்டிய அந்த இளைஞர் அவ்வாண்டின் பிற்பகுதியிலே வட்டுக்கோட்டையை வந்தடைந்தார். மறுவருடம் மானிப்பாய் அவருடைய இருப்பிடமாயிற்று.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்திலே பணி தொடங்கியது 1816 இலாகும். டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820 முதலே பண்டத்தரிப்பிலே வைத்தியம் செய்தார். அவருடைய பேர்த்தியாரே வேலூர் வைத்தியசாலையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார். ஆகவே கிறீன் முதல்வராக வந்தவர் அல்லர். எனினும் குறிப்பிடத்தக்க ஒன்றை அவர் செய்தார். 1848 இலேயே நம்மூர் இளைஞரைத் தம்மருகே அமர்த்தி வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பிலே வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870 இல் என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

முதலிலே பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. அதன் விளைவு என்ன? ஆங்கிலத்திலே வைத்தியம் கற்றவருக்கு அரசினர் உத்தியோகம் காத்திருந்தது. பயின்றவர்கள் சம்பளம் மிகுந்த இடங்களை நாடிப் பிற மாவட்டங்களுக்குச் சென்றனர். எந்தக் கிராமத்து நோயாளருக்காக அவர்கள் பயிற்றப்பட்டார்களோ, அந்தக் கிராமம் பழையபடியே இருந்தது. இதைக் கண்ட கிறீன், 1857 இல் தாயகம் சென்று, மணம் முடித்து, 1862 இல் மீண்டு வந்த பின்னர், ஒரு துணிந்த முடிவுக்கு வந்தார். 1864 முதல் வைத்தியக் கல்வி முழுவதையும் தமிழிலேயே நடத்தலானார். மாணாக்கர் தம் ஊர் உடையையும் உணவையும் கைவிடலாகாது என்றும் வற்புறுத்தினார். தம்மைப் போன்ற அமெரிக்கர் பலரை உண்டாக்குவதற்காக அவர் இங்கு வரவில்லை. தமிழர் நடுவே தமிழராக வாழும் வைத்தியரை உண்டாக்க வந்தார்.

கற்பிப்பதற்கு நூல்கள் வேண்டுமே! உடற்கூற்றைக் கூறும் நூல் முதலிலும், பிரசவ வைத்தியம் 1857 இலும் வெளிவந்தன. தொடர்ந்து 1867 இல் இரண வைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதம், 1875 இல் கெமிஸ்தம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழிலே வந்தன. கிறே என்பவர் எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலே மனுஷ அங்காதிபாதமாயிற்று. எல்லாவற்றையும் கூட்டினால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இவை கிறீன் ஒருவரே தனித்துச் செய்தவை அல்ல; அவரிடம் பயின்ற தமிழ் மாணாக்கரும் உடனிருந்து மொழிபெயர்த்தனர். கலைச்சொல் வேண்டியபோது முதலில் தமிழிலே தேடுவது, அங்கில்லையேல் வடமொழியில் எடுப்பது, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதுவது என்பது அவர்கள் கொண்ட முறை. இன்று கலைச்சொல் ஆக்குவோரும் ஏறத்தாழ இதே வழியில் நின்றுதான் வழக்காடுகிறார்கள்.

1866, 1867 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை வாந்திபேதி வாட்டியது. அந்நோய்க்குக் காரணமான கிருமியை றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் உறுதிப்படுத்தியதோ 1884 இலே. ஆகவே கிறீனும் அவர் மாணாக்கரும் எதிரியின் முகம் அறியாமலே போராடினர். ஊரைவிட்டு ஓடக்கூடியவர் ஓடியிருக்கலாம். நோயாளியின் பாயருகே சென்று அமர்ந்து மருந்து கொடுத்தவர்களோ அவரிடம் தமிழிலே பயின்ற நம்மூர்ப் பிள்ளைகள். வகுப்பறைக்கு வெளியே அவர்கள் எழுதிய பரீட்சை அதுவே.

நேயர்களே, இங்கே ஒன்றை மறைக்காமற் கூறவேண்டும். கிறீன் வெறும் வைத்தியராக வரவில்லை. சுவிசேஷம் அறிவிக்கவே வந்தார். மருந்து கொடுக்குமுன் வேதவாசிப்பும் செபமும் நடந்தன. சைவ வழிபாடு பிழையானது என்றே அவர் கருதினார். அவர் பிறந்த அதே 1822 ஆம் ஆண்டில் நல்லூரிலே பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் மானிப்பாயில் அமர்ந்த அதே 1848 இல், மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாக, நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார். இருவரும் சமயத்தில் எதிரெதிர்த் திசையினர். ஆயினும், ஒருவர் சமயக் கல்வியையும் மற்றவர் வைத்தியக் கல்வியையும் எளிய தமிழ் வசனத்திலே அச்சேற்றினர். நாவலருக்குத் தமிழ் தாய்மொழி; கிறீனுக்கோ வயதுவந்தபின் வருந்திக் கற்ற மொழி.

கிறீனிடம் மருந்து பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் சைவராகவே வந்து சைவராகவே வீடு திரும்பினர். அதற்காக அவர் தமது கதவை அடைக்கவில்லை. நம்பியவனுக்கு ஒரு மருந்து, நம்பாதவனுக்கு வேறு மருந்து என்று கொடுக்கவும் இல்லை. மதமாற்றத்தின் தொகையைக் கொண்டு அளப்பவருக்கு அவருடைய ஊழியம் சிறிதாகத் தோன்றலாம். என் எண்ணத்திலே, பலன் குறைந்த இடத்திலும் பணி குறையாதிருந்ததே அவருடைய விசுவாசத்தின் ஆழத்தைக் காட்டுகிறது.

உடல் நலிந்து 1873 இல் அவர் நாடு திரும்பினார். திரும்பிய பின்னும் வூஸ்டர் நகரிலே இருந்துகொண்டு தமிழ் நூல்களைச் செப்பஞ்செய்து கொண்டிருந்தார். உடற்றொழிலைக் கூறும் மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. இந்திய நாட்டு மருந்துச் சரக்குகளை விளக்கும் நூல் வெளிவந்த 1884 ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியர் என்று தம் கல்லறைக் கல்லிலே பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயை இனிக் காணமாட்டோம் என்று அறிந்த ஒருவர், பதினோராண்டு காலம் மானிப்பாய்க்காகவே மேசையருகில் அமர்ந்திருந்தார் என்பதை நினைக்குந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

அவருடைய முயற்சி முழுவெற்றி பெற்றதா? இல்லை. அவர் சென்ற பின்னர் தமிழ் வைத்திய வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பின் ஆங்கிலக் கல்வியும் அரசினர் உத்தியோகத்தின் கவர்ச்சியும் அதனை மேற்கொண்டன. இன்றும் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வைத்தியம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. அவருடைய நூல்கள் கூறும் வைத்தியமும் பழமையாயிற்று. ஆயினும் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவர் கையாற் பயிற்சி பெற்றனர். மானிப்பாயிலே அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை நிற்கிறது. விஞ்ஞானத்தைத் தமிழிலே சொல்லமுடியுமா என்று கேட்பவருக்கு, சொல்லியாயிற்று என்று எடுத்துக்காட்ட அந்நூல்கள் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்திலே பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு பழகுபவன் நான். பிறநாடு சென்று தொண்டு செய்ய ஆசைப்படும் மாணவர் எந்தச் சமயத்தவராயினும், அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். செல்லும் ஊரின் மொழியை முதலிற் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கையிலுள்ள வித்தையை அவ்வூரார் கையிலே, அவர்கள் மொழியிலே ஒப்படையுங்கள். நீங்கள் திரும்பிய மறுநாள் அந்த ஊரில் நோயாளிக்கு மருந்து கொடுக்க அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் எழுந்து நடப்பாரானால், உங்கள் ஊழியம் நிறைவேறியது என்று அறிந்துகொள்ளுங்கள்.