ஓட்டம் ஓய்ந்த பரி



பத்தாம் ஆண்டு விழாவில் ‘இலக்கியத்தில் பரி’ என்னும் பொருள்பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்தார்கள். காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை காட்டுவதையும், மாணிக்கவாசகர் குதிரை வாங்கச் சென்ற கதையையும் இவ்வவை பன்முறை கேட்டிருக்கும். ஆதலால் தலைப்பைச் சற்றே திருப்பிக்கொள்ள இசைவு வேண்டுகிறேன். புறநானூற்றில் ஒருத்தி, போர்க்களத்திலிருந்து மற்றவர் குதிரைகளெல்லாம் மீண்டுவிட, தன் வீட்டுக் குதிரை மட்டும் மீளவில்லையே என்று ஏங்குகிறாள். அவள் கவலை வாராத குதிரையைப் பற்றியது. நான் பேச விழைவது மீண்டுவந்த குதிரையைப் பற்றி. பந்தயம் முடிந்து, இளமை மாறாமல், ‘இனி வேண்டா’ என்று விடப்பட்ட குதிரையைப் பற்றி.

பந்தயத்திற்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. அதன் முதுகெலும்பின் வளர்முனைகள் முழுதும் இறுகுவதற்கோ ஐந்தரை, ஆறு ஆண்டுகள் ஆகும். எலும்பு முற்றுமுன்பே பல குதிரைகளின் ஓட்டம் முடிந்துவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நன்கு பேணினால் ஒரு குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அந்த எஞ்சிய இருபது ஆண்டுகளுக்குக் கொள்ளு வைப்பவர் யார்?

1986இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்டு என்னும் குதிரை, பின்னர் இனப்பெருக்கத்திற்காக ஜப்பானுக்கு விற்கப்பட்டு, 2002இல் இறைச்சிக்கூடத்தில் முடிந்தது. பரிசு பெற்ற குதிரைக்கே இக்கதியென்றால் பரிசு பெறாதவற்றின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை. அச்செய்தி வெளிவந்தபின் அந்நாட்டு மக்களின் மனம் வெகுவாகக் கலங்கியது. ஓய்ந்த குதிரைகளுக்கு வேறு தொழில் பழக்கும் அமைப்புகள் அங்கே வலுப்பெற்றன. இங்கிலாந்தில் இத்தகைய அமைப்பொன்று 2000ஆம் ஆண்டிலேயே தோன்றியிருந்தது.

இனி, வாங்குவோர் பக்கம் வருவோம். திருவிளையாடற் புராணத்தில் குதிரை வணிகராய் வந்த இறைவன், பாண்டியனிடம் கயிறு மாறிக் குதிரைகளை ஒப்படைக்கிறார். கயிறு கைமாறிய பின் குறை சொல்ல இடமில்லை என்பது அவ்வழக்கின் பொருள். இரவில் பரிகள் நரிகளானது பாண்டியன் பாடு! இன்றும் அப்படித்தான். ஆகவே கயிற்றைப் பற்றுமுன் கால்நடை மருத்துவரை உடனழைத்துச் செல்ல வேண்டும். அவர் ஒவ்வொரு காலையும் மடக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்து, விட்டவுடன் ஓடச்செய்து நொண்டல் தெரிகிறதா என்று பார்ப்பார். முன்காலின் பின்புறத் தசைநாணைத் தடவி வெப்பமோ வீக்கமோ உண்டா என்று தேடுவார். பந்தயக் குதிரையைப் பெரிதும் வீழ்த்துவது அந்நாண்தான். ஒருமுறை அறுபட்டால் ஆறுவதற்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும். ஆறினாலும் பழைய வலிமை முழுதும் மீள்வதில்லை. மென்னடைச் சவாரிக்கு அக்குதிரை போதும். உயரத் தாண்டுவதற்கு வாங்குவோர் இருமுறை எண்ண வேண்டும்.

மெலிவைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டா. பாரதத்தில் வாகுகனாய் மறைந்திருந்த நளன் மெலிந்த குதிரைகளைத் தேர்ந்தபோது இருதுபன்னன் கடிந்துகொண்டான். நளனோ உடற்சுழிகளைக் காட்டி விடை சொன்னான். சுழியை இன்று நாம் நம்பாவிடினும், தோற்றத்தை விட்டு உறுப்பைப் பார்த்த அவன் கண் நமக்கும் வேண்டுவது.

என் தமக்கை மகள் பெங்களூரில் நான்கு வயதுக் குதிரையொன்றை வாங்கினாள். வாங்கிய விலையினும் ஓராண்டுத் தீனிச்செலவு மிகுதி என்று அறிந்தபோது வீட்டில் நடந்த உரையாடலை இங்கே சொல்வதற்கில்லை. அவளோடிருந்து நான் கற்றவற்றையே சொல்கிறேன்.

முதல் சில மாதங்கள் எதுவும் கற்பிக்கலாகாது. நாளின் பெரும்பகுதியை லாயத்தில் கழித்த உயிர் அது. திடீரென்று பெருவெளியில் விட்டால் தறிகெட்டோடிக் காலை முறித்துக்கொள்ளும். சிறிய அடைப்பில், சாதுவான ஒரு துணைக்குதிரையோடு விட வேண்டும். ஓட்டத்திற்கென ஊட்டிய ஓட்ஸைப் படிப்படியாகக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடையறாது சுரக்கும். வயிறு நெடுநேரம் வெறுமையாயிருந்தால் புண் படும். குதிரைக்கு வாந்தியும் வாராது. தீனியைச் சட்டென மாற்றினால் வயிற்றுவலியே அதன் உயிரைக் குடித்துவிடும். மார்க்கோ போலோ பாண்டி நாட்டுக் கரைக்கு வந்தபோது, ஆண்டுதோறும் வாங்கிய குதிரைகளிற் பெரும்பாலானவை பேணத் தெரியாமையால் மடிந்தன என்றும், அவற்றிற்குச் சோறும் இறைச்சியும் வைத்தார்கள் என்றும் எழுதிவைத்தார். நம் முன்னோர் பெருமை பேசும் மேடைகளில் இக்குறிப்பு ஏனோ ஒலிப்பதில்லை.

பிறகுதான் பாடம். என்னை மிகவும் ஈர்த்தது கடிவாளத்தின் மொழி. பந்தயத்தில் ஜாக்கி கடிவாளத்தை இறுகப் பிடிக்க, குதிரை அவ்விறுக்கத்தின்மேல் வாயைச் சாய்த்து ஊன்றி விரைகிறது. இறுக்கம் என்றால் ‘ஓடு’ என்றே அதற்குப் பொருள். சவாரி செய்வோர்க்கோ அதே இறுக்கம் ‘நில்’. புதியவர் அஞ்சி இழுக்க இழுக்க, அது மேலும் பறக்கிறது; பார்ப்பவர் ‘அடங்காக் குதிரை’ என்கிறார். அகராதி மாறியதை அதற்கு யாரும் சொல்லவில்லையே!

எங்கள் வீட்டுப் பெண் ஒருநாள், “சித்தி, இவன் பிடிவாதக்காரன் இல்லை, சொன்னதைச் செய்கிறான், நாம்தான் தவறாகச் சொல்கிறோம்” என்றாள். அவள் செய்ததெல்லாம் இதுதான்: முதுகில் ஏறாமல் நீண்ட கயிற்றில் நடத்தி, குரலால் நிறுத்தப் பழக்கினாள். நின்ற கணமே கயிற்றைத் தளர்த்தினாள். அத்தளர்வே அதற்குப் பரிசு. பின்னர் மேலேறி, இழுப்பதற்கு மாறாக வட்டமாய்த் திருப்பி வேகத்தைக் கரைத்தாள்.

பந்தயக் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி அமர்த்திவிடுவார்கள். ஆகவே ஒருவர் ஏறும்வரை அசையாது நிற்க அதற்குத் தெரியாது. ஜாக்கியின் அங்கவடி மிகக் குட்டையானது. மனிதக் கால் தன் விலாவைத் தழுவுவதும் அதற்குப் புதிதே. இவற்றையெல்லாம் அறியாமை என்று சொல்ல என் நா எழவில்லை. மதிப்பெண்ணுக்கென்றே விரட்டப்பட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவியர் முதல் மாதம் கவிதைக்கு முன் திகைத்து நிற்பதை நாள்தோறும் காண்பவள் நான்.

பழக்கினால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று போதும். ஆறு பந்தயங்களில் ஓடி ஒன்றிலும் வெல்லாத பெண்குதிரையொன்று, ‘டச் ஆஃப் கிளாஸ்’ என்னும் புதுப்பெயரோடு 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தடை தாண்டி இரண்டு தங்கம் பெற்றது. எல்லாக் குதிரையும் அப்படி ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. குழந்தைகளைச் சுமந்து அமைதியாய் நடந்தால் போதாதா?

கிண்டிப் பந்தயத் திடலின் 160 ஏக்கர் நிலக் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் நீக்கியது. அது வழக்கு மன்றம் சென்றது. நிலம் யாருக்கு என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள்: பூங்கா என்றும் ஏரி என்றும். லாயத்தில் நின்ற குதிரைகளையும், அவற்றோடு தலைமுறையாய் வாழும் சைஸ் மக்களையும் பற்றிப் பேசிய குரல் குறைவு. ஒரு குதிரை கால் மாற்றி வைக்கும் ஓசையிலேயே அதன் நோயை அறிபவர்கள் அவர்கள். மறுபயிற்சிக்கென்று இங்கே ஒரு நிலையம் அமையுமானால் அதன் ஆசிரியர்கள் அவர்களாகத்தான் இருக்க முடியும். அவர்களை அழைத்து, அவர்கள் வழங்கும் குதிரைச் சொற்களையேனும் தொகுத்து வைக்க இவ்வட்டம் முன்வர வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன்.