சோறும் சுற்றமும்

(கல்யாண் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஊர்விட்டு ஊர் வந்தோர் முதலில் தேடுவது குடியிருக்க ஓர் இடம். அடுத்துத் தேடுவது தம் ஊர்ச் சுவை. மாட்டுங்காவில் 1942-இல் தோன்றிய ராமா நாயக் உடுப்பி விடுதி தென்னாட்டுச் சாப்பாட்டிற்கு ஏங்கியோர்க்கு இலை போட்டது. இன்று எல்லா மொழியினரும் அங்கு உண்கின்றனர்.

இதே கதை இப்போது தமிழகத்திலும் நிகழ்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனமான ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பணிக்கு வந்த கொரியக் குடும்பங்களை நாடி, கொரிய உணவு விடுதிகளும் எழுந்தன. அண்மையில் சென்னை சென்றபோது, அத்தகைய புதுப்பாணி விடுதி ஒன்றில் குடும்பத்துடன் உணவருந்தினோம்.

சோற்றுக்கு முன்பே சிறு கிண்ணங்கள் மேசையை நிறைத்தன: முளைப்பயறு, கீரை, முள்ளங்கி, கிம்ச்சி. தீரத் தீரத் தனிக் காசின்றி வைத்தனர். நம் பந்தி உபசாரமே அது! காய்கறிகளையும் மிளகாய் விழுதையும் சோற்றோடு கலந்துண்ணும் 'பிபிம்பாப்' எங்கள் பிள்ளைகளுக்குக் கூட்டாஞ்சோறாகத் தோன்றிற்று. உலோகக் குச்சிகள் மட்டும் எங்கள் விரல்களுக்கு அடங்கவில்லை. கரண்டியே துணை நின்றது. பக்கத்து மேசையில் ஒரு கொரியச் சிறுமி தந்தையை 'அப்பா' என்றழைக்க, நாங்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தோம்! அவர்கள் மொழியிலும் அச்சொல்லே வழங்குகிறது.

கிம்ச்சி என்பது கோசை உப்பிட்டு, மிளகாய், பூண்டு, இஞ்சி சேர்த்துப் புளிக்கவைப்பது. மீன்சாறு சேர்ப்பதும் உண்டாதலால் சைவர் கேட்டுண்ணல் நலம். குளிர்காலத்துக்கு முன் சுற்றமும் அயலாரும் கூடிக் கிம்ச்சி செய்து பகிரும் மரபை யுனெஸ்கோ 2013-இல் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூடி வடாம் பிழியும் நம் தாய்மார்கள் இதன் அருமையை அறிவர்.

அக்கிம்ச்சிக்குச் சிவப்பூட்டும் மிளகாய் கொரியர்க்கும் உரியதன்று, நமக்கும் உரியதன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலேறி இந்தியா வந்தது. பின்னர் கொரியாவையும் எட்டியது. வந்தேறிய மிளகாயின்றி இன்று நம் சாம்பார் உண்டா?

பள்ளிக்குத் தயிர்சாதம் கொண்டுசெல்லக் கூசும் பிள்ளைகள் நம் காலனியிலும் உளர். அச்சிறுமியோ அயலூரில் தன் நாட்டு உணவை நாணமின்றி உண்டாள்; எங்களுக்கும் அதில் இடமிருந்தது. நம் பிள்ளைகள் வடாபாவை விரும்பட்டும். புளியோதரைக்கு நாண வேண்டா. வரும் பொங்கலன்று அடுத்த வீட்டு மராத்தியரையும் அழைத்து இலை போடுவோம். அடுப்பையும் மொழியையும் காப்போம்; வாயிற்கதவையும் திறந்து வைப்போம்.