பேத்தியின் அலமாரியிலிருந்து சில புத்தகங்கள்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை, சிறு திருத்தங்களுடன்)

காரியதரிசி என்னைப் பேச அழைத்தபோது தலைப்பு என்ன என்று கேட்டார். சொன்னேன். டெலிபோனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாமா, நிஜமாவே இதைப் பத்தித்தானா? உபநிஷத்தும் விஞ்ஞானமும்னு ஏதாவது சொல்வேள்னு நினைச்சேன்" என்றார். உபநிஷத்தைப் பற்றிப் பேச நம் சங்கத்தில் தகுதியுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டிராகனைப் பற்றிப் பேச எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அந்த தைரியத்தில்தான் இங்கே நிற்கிறேன்.

விஷயம் ஆரம்பித்தது என் பெண்ணால். கோத்ரூடில் இருக்கிறாள். அவளுடைய பெண், என் பேத்தி, பத்தாவது பரீட்சை எழுதி முடித்த லீவில் வீட்டில் புத்தகமாகக் குவித்து வைத்துக்கொண்டு படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, இவ என்னதான் படிக்கறான்னு எனக்குப் புரியலை. எல்லாம் கறுப்பு அட்டை, கத்தி, ரோஜாப்பூ, பாம்பு. உங்களுக்குத்தான் நேரம் இருக்கே, கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்கோ. படிக்கலாமா, கூடாதான்னு."

36 வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் நான் செய்ததே அதுதான். அடுத்தவர் எழுதியதைப் படித்து, கீழே ஒரு குறிப்பு எழுதி, மேலே அனுப்புவது. ஒப்புக்கொண்டேன். பேத்தி மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். "தாத்தா, முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கணும். நடுவுல புரட்டிப் பார்த்துட்டு கமெண்ட் அடிக்கப்படாது." நியாயமான நிபந்தனை. என் மேலதிகாரிகளுக்கு இதை யாராவது போட்டிருக்கலாம்.

முதலில் ஹாரி பாட்டர். ஜே.கே. ரௌலிங் அம்மையார் 1997 முதல் 2007 வரை எழுதிய ஏழு புத்தகங்கள். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். துடைப்பத்தில் ஏறிப் பறக்கும் கதையை எழுபது வயதுக்கு மேல் படிப்பதாவது என்று ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நான்கு நாளில் முதல் இரண்டு புத்தகம் முடிந்துவிட்டது.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது மந்திரம் அல்ல, மந்திரத்துக்கு அவர் போட்டிருக்கும் வரம்புகள். ஏழாவது புத்தகத்தில் மூன்று பிள்ளைகளும் காட்டில் பசியோடு அலைகிறார்கள். மந்திரம் தெரிந்தவர்கள்தானே, சாப்பாட்டை வரவழைக்க வேண்டியதுதானே? முடியாது என்கிறாள் ஹெர்மயனி. சூனியத்திலிருந்து உணவை உண்டாக்க முடியாது, எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் வரவழைக்கலாம், கையில் இருப்பதைப் பெருக்கலாம், அவ்வளவுதான். அதற்கு ஒரு விதியும் பெயரும் கூட உண்டு. எங்கள் பௌதிகப் புரொபசர் இதைப் படித்திருந்தால் சக்தி அழியாமை விதியை இன்னும் சுலபமாக நடத்தியிருப்பார்.

முதல் புத்தகத்தில் வரும் ரசவாதக் கல் நமக்குப் புதிதா என்ன? நம் சித்தர்கள் பேசியதுதான். கதையில் அந்தக் கல்லைச் செய்தவராக வரும் நிக்கோலஸ் ஃப்ளேமல் நிஜமாகவே பாரிஸில் வாழ்ந்து 1418ல் காலமானவர். சாட்சாத் நியூட்டனே ரசவாதத்துக்காக வருஷக்கணக்கில் உலையின் முன் உட்கார்ந்தவர். மராத்தி மொழிபெயர்ப்பின் தலைப்பில் அந்தக் கல் 'பரீஸ்' என்று இருக்கிறது. நம் ஸ்பரிசவேதிதான். 2012ல் தமிழிலும் வந்தது, 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்று. பேத்திக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆகவே அந்தப் பிரதியை நான் வாங்கி முதல் அத்தியாயத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் தமிழ் வகுப்பு இப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்து ட்வைலைட். ஸ்டெஃபனி மேயர், 2005. இதை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கதாநாயகன் 1901ல் பிறந்தவன், 1918ல் விஷ ஜுரத்தில் சாகக் கிடந்தபோது இரத்தம் குடிக்கும் பிசாசாக மாற்றப்பட்டவன், அதற்குப் பிறகு என்றும் பதினேழு. நூறு வயது தாண்டிய ஒரு கிழவன் ஹைஸ்கூலில் போய் உட்கார்ந்துகொண்டு பதினேழு வயதுப் பெண்ணைக் காதலிக்கிறான். இரவில் அவள் அறைக்குள் நுழைந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இதைக் காதல் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் காலனியில் ஒருவன் இப்படிச் செய்தால் வாட்ச்மேனைக் கூப்பிடுவோம். பேத்தியிடம் கோபமாகவே சொன்னேன். "தெரியும் தாத்தா, நாங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து அதைப் படிச்சு சிரிப்போம்" என்றாள். நாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

சூஸன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' (2008) வேறு ரகம். குலுக்கலில் பன்னிரண்டு வயதுத் தங்கையின் பெயர் வர, அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று பதினாறு வயது அக்கா முன்னால் வருகிறாள். போவது சாவு விளையாட்டுக்கு, அதை தேசமே டெலிவிஷனில் பார்க்கிறது. சுரங்க விபத்தில் அப்பா போனபின் அம்மா இடிந்து உட்கார்ந்துவிட, வில்லும் அம்புமாகக் காட்டுக்குப் போய் வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற பெண் அவள். தங்கைகளுக்காகத் தன் வாழ்க்கையை ஒதுக்கி வைத்த அக்காமார்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! எனக்கும் ஒரு அக்கா உண்டு. அந்தப் புத்தகத்தை இரவு ஒரு மணிக்கு மூடிவைத்தேன்.

ரோஷனி சோக்ஷி என்பவர் 2018ல் எழுதிய 'ஆரு ஷா' புத்தகத்தையும் படித்தேன். அமெரிக்காவில் அட்லாண்டாவில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண் பாண்டவர்களில் ஒருவரின் மறு அவதாரம். மகாபாரதத்தை இப்படியா கலைத்துப் போடுவது என்று முதலில் எரிச்சல்தான். ஆனால் பேத்தி அதைப் படித்தபிறகு துரோணரைப் பற்றியும் கர்ணனைப் பற்றியும் துளைத்தெடுத்துவிட்டாள். ராஜாஜியின் வியாசர் விருந்தை எடுத்து மறுபடி படித்துவிட்டுத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

சரி, நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சு எப்போது ஆரம்பித்தது? இங்கே இருக்கும் மாமிகள் எல்லோரும் வை.மு. கோதைநாயகி அம்மாளின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடமே போகாதவர். எழுத வராத நாளில் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925 முதல் ஜகன்மோகினியை நடத்தி, 115 நாவல்கள் எழுதியவர். எங்கள் பாட்டி அவற்றை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படிப்பாளாம். தாத்தாவுக்குத் தெரிந்தால் ரகளை. ஒளித்து வைத்தவள் எங்கள் பாட்டி மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை!

இந்தப் பூனாவிலேயே ஹரி நாராயண் ஆப்டே 1890களில் எழுதிய 'பண் லக்ஷாத் கோண் கேதோ' ஒரு பிராமணப் பெண்ணின் கதை. புருஷன் போனபின் தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கப்படும் யமுனாவின் கதை. அந்த நாளில் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கனவு காணவே வயது மிச்சம் இருக்கவில்லை. 'யங் அடல்ட்' என்று ஒரு பிரிவைப் புத்தகக் கடையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. குழந்தைக்கும் குடும்பஸ்த்ரீக்கும் நடுவில் ஒரு பருவம் உண்டு என்று நம் சமூகம் ஒப்புக்கொண்டதே சமீபத்தில்தானே.

மராத்தியைச் சொல்லும்போது காண்டேகரை விட முடியுமா? கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்த்து 'கருகிய மொட்டு', 'எரி நட்சத்திரம்', 'கிரௌஞ்ச வதம்' என்று வரிசையாகத் தமிழில் வந்தபோது தமிழ்நாட்டு இளைஞர்கள் அவரைத் தமிழ் எழுத்தாளராகவே கொண்டாடினார்கள். நான் பூனாவுக்கு மாற்றலாகி வந்தபோது மராத்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரிடம் "காண்டேகர்" என்றேன். அன்று மத்தியானம் அவர் டப்பாவில் பாதி எனக்கு வந்தது. ஞானபீடம் பெற்ற அவருடைய 'யயாதி'யை இந்த லீவில் மறுபடி படித்தேன். கிழட்டுத்தனத்தைப் பிள்ளைக்குக் கொடுத்து அவன் யௌவனத்தை வாங்கிக்கொண்ட ராஜா. பேத்தியின் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு நானும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்துகொண்டிருந்தேனோ என்னவோ.

நம் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950ல் கல்கியில் தொடங்கியது. குதிரையில் வரும் வாலிபன், இளவரசி, சதி, சுரங்கப் பாதை, ஒருதலைக் காதலில் உயிரை விடும் மணிமேகலை. பேத்தியிடம் கதையைச் சொன்னதும், "இது பக்கா ஒய்.ஏ. ஃபேன்டஸி, தாத்தா, டிராகன்தான் இல்லை" என்றாள். குந்தவை வந்தியத்தேவனின் மனைவி என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது என்று சொன்னேன். கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள்.

இனி, என் பெண்ணின் கேள்வி. அதற்குச் சுலபமான பதில் இல்லை. இப்போது 'ரொமான்டஸி' என்று ஒரு ரகம் வந்திருக்கிறது. அலமாரியில் அதுவும் இருந்தது. ரெபெக்கா யாரோஸ் 2023ல் எழுதிய 'ஃபோர்த் விங்'. டிராகன் மேல் ஏறிப் போர் புரியக் கற்றுக்கொடுக்கும் ராணுவக் கல்லூரி. கதை வேகமாகத்தான் போகிறது. ஆனால் அது பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. கதவைச் சாத்திவிட்டுச் சொல்ல வேண்டிய விஷயங்களைப் பக்கம் பக்கமாகத் திறந்து எழுதியிருக்கிறார். அட்டையைப் பார்த்தால் தெரியாது. சினிமாவுக்காவது 'யு', 'ஏ' என்று சர்டிபிகேட் உண்டு, புத்தகத்துக்கு அதுவும் கிடையாது. சாரா மாஸ் என்பவரின் ஒரு நாவலை 2015ல் இளைஞர் பிரிவில் வெளியிட்டு, பிற்பாடு பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றி அட்டையையும் மாற்றினார்கள். வெளியிட்டவர்களுக்கே இத்தனை குழப்பம் என்றால் கோத்ரூடில் இருக்கும் தாயார் என்ன செய்வாள்?

நான் என்ன குறிப்பு எழுதி மேலே அனுப்புவது? இரண்டு நாள் யோசித்தேன். யோசித்ததற்குக் காரணம் உண்டு.

1993 என்று ஞாபகம். என் பெண் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் ஒரு மில்ஸ் அண்ட் பூன் நாவல் இருந்தது, வாடகை நூல்நிலைய முத்திரையோடு. பிடுங்கிக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு போய், கடைக்காரர் முன்னிலையில் திருப்பிக் கொடுத்து, கணக்கை மூடச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பக்கம் கூட நான் படிக்கவில்லை. அட்டைப் படம் போதுமானதாக இருந்தது. வீடு திரும்பும் வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் பரீட்சை, வேலை, கல்யாணம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆனால் என்ன படிக்கிறாள் என்று அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

ஆகவே இந்தத் தடவை பேத்தியிடமே போனேன். "உன் நிபந்தனைப்படி முழுக்கப் படிக்கப் பார்த்தேன். சில பக்கங்களைத் தாண்டிவிட்டேன், மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் முகம் சிவந்தது. "நானும் தாண்டிட்டேன் தாத்தா" என்றாள். நிஜமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. இன்னும் இரண்டு வருஷம் கழித்துப் படிக்கலாமே என்று மட்டும் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னாள்.

பெண்ணிடம், "தீர்ப்பு சொல்ல எனக்கு யோக்யதை இல்லை, நீயே படி" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். ஆபீஸ், சமையல், எங்கே நேரம் என்று அலுத்துக்கொண்டாள். மறுநாள் காலை கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளையைக் கேட்டால், மூன்று மணி வரை விளக்கு எரிந்தது என்றார்.

அடுத்த வாரம் காபி கொடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "அப்பா, அன்னிக்கு நீங்க திருப்பிக் குடுத்தேளே ஒரு புக், அதுல இன்னும் இருபது பக்கம் பாக்கி இருந்தது. முடிவு என்னன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். கதாநாயகி நர்ஸ், ஊர் ஏதோ கடற்கரை, அட்டை நீலம். அந்த நூல்நிலையம் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்பா பல்வந்த் சௌக் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு தடவை தேடிவிட்டேன். எழுபத்தைந்து வயதுக் கிழவன் வேட்டியும் விபூதியுமாக மில்ஸ் அண்ட் பூன் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதை அந்தப் பையன்கள் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். சபையில் யார் வீட்டுப் பரணிலாவது அந்த நாள் புத்தகங்கள் கிடந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நீல அட்டை, நர்ஸ்.